நீலகிரி வரி அணிலும் இலங்கையின் கருநிற வரி அணிலும் ஒரே இனமா?

பழைய நூல்களில் ஒரே இனம்தான். இப்போது இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் இருக்கும் நீலகிரி வரி அணிலை ஆங்கிலேய இயற்கையியலாளர் வாட்டர்ஹவுஸ் 1838இல் விவரித்தார். அறிவியல் பெயர் ஃபுனாம்புலஸ் சப்லினியேட்டஸ். இலங்கை அணிலுக்கு 1886இலேயே 'அப்ஸ்க்யூரஸ்' என்று பெயர் வைத்திருந்தாலும், அதை இதன் துணையினமாகவே வெகுகாலம் எண்ணி வந்தார்கள். 2012இல் ரஜித் திசாநாயக்க, தட்சுவோ ஒஷிடா என்ற ஆய்வாளர்கள் மண்டையோட்டு அளவுகளையும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவையும் ஒப்பிட்டு, இரண்டும் தனித்தனி இனங்கள் என்று காட்டினார்கள். வெறும் நிறத்தை வைத்துப் பிரித்திருந்தால் நான் தயங்கியிருப்பேன். எலும்பும் மரபணுவும் ஒரே பக்கம் பேசும்போது மறுப்பதற்கில்லை.

நம் வீட்டு முற்றத்து அணிலும் இதே பேரினம்தான். ஆனால் பார்த்தால் சட்டென்று அப்படித் தோன்றாது. காட்டு அணில் இன்னும் சிறியது. மங்கிய ஆலிவ் பழுப்பு நிறம். முதுகில் மூன்று வெளிர் கோடுகள் உண்டு, ஆனால் மெலிந்து, அடர்நிற ரோமத்துக்குள் பாதி அமுங்கிக் கிடக்கும். சோலைக்காட்டின் அடர்ந்த கீழ்ப்புதர்களில் நடமாடுவதால் அந்த மங்கல் அதற்கு நல்ல மறைவு. பலர் இதைப் பார்க்காமலே கடந்துபோவதும் அதனால்தான்.

சரி, பெயர் பிரிந்ததால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நிறையவே ஆகும். ஒரே இனம் என்றால், இங்கே அழிந்தாலும் இலங்கையில் இருக்கிறது என்று கணக்குச் சொல்லிவிடலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது: ஒன்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும், மற்றதற்கு இலங்கை மட்டும்.