எம்ஜிபி காரின் பின்பக்கத்தைத் தாழ்த்துவது என்றால் என்ன?

காரின் உடலைப் பின் அச்சுக்கு நெருக்கமாக இறக்குவதுதான் இது. 1962-இல் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில், பின் அச்சு பட்டை ஸ்பிரிங்குகளின் (எஃகுத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்குகள்) மேல் உட்கார்ந்திருக்கும். இவை இரண்டுக்கும் நடுவே ஒரு உலோகக் கட்டையைச் செருகி, நீளமான யு-போல்ட்டால் இறுக்கினால், கட்டையின் தடிமன் அளவுக்குக் கார் இறங்கும். 1974-இல் அமெரிக்க பம்பர் உயர விதிகளுக்காக நிறுவனமே காரை உயர்த்தியதால், பிந்தைய கார்களில் பலர் இதைச் செய்கிறார்கள்.

எடை தரைக்கு அருகே வந்தால் வளைவில் சாய்வு குறையும். ஓடும் பஸ்ஸில் நிற்பவரைவிட உட்கார்ந்திருப்பவர் குறைவாகத்தானே ஆடுவார்? ஆனால் அச்சு மேலெழும் இடமும் சுருங்கும். அளவு மீறினால் குழியில் இறங்கும்போதெல்லாம் அச்சு மேலிருக்கும் ரப்பர் தடுப்பில் 'டக்' என்று முட்டும்.

கட்டை வைத்தால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உயரம் மட்டும்தான் மாறும்.