ஐந்து ‘க’வும் ஒரே ‘க’வாக இருந்தால்

கேள்வி: சுவரொட்டித் தலைப்புகளுக்காகத் தட்டைத் தூரிகையால் தமிழ் எழுத்துகளை எழுதி, ஸ்கேன் செய்து, எழுத்துருவாக்கினேன். தனித்தனியே அழகாக இருக்கும் எழுத்துகள், சொல்லாகத் தட்டினால் கையால் எழுதியவைபோல் தெரியவில்லை. கோப்பும் கனத்துவிட்டது. விளிம்புகளை மழுக்கிவிடலாமா?

பதில்: விளிம்பில் கைவைக்காதீர்கள், குறை அங்கே இல்லை. நீங்கள் அனுப்பிய மாதிரியில் ‘கொக்கரக்கோ’ என்ற சொல்லைப் பாருங்கள். அதில் ‘க’ ஐந்து முறை வருகிறது. வலப்பக்கம் வளைந்து இறங்கும் கோட்டில் மை வற்றி விழுந்த வெள்ளைக் கீற்று, ஐந்திலும் அதே இடத்தில், அதே நீளத்தில் இருக்கிறது. சொரசொரப்பை விரும்பிப் பார்க்கும் கண், அது திரும்பி வந்ததும் அச்சு என்று கண்டுகொள்கிறது. வழவழப்பான எழுத்துருவில் இந்தச் சிக்கலே எழாது.

ஆகவே, அடிக்கடி இரட்டிக்கும் க, ச, ட, த, ப, ற ஆகியவற்றுக்கு மும்மூன்று வடிவங்களாவது எழுதுங்கள். தனி எழுத்தாக எழுதாமல், அக்கா, பட்டம், தித்திப்பு என்று முழுச் சொற்களாக எழுதி, அவற்றிலிருந்து வெட்டி எடுங்கள்; முந்தைய எழுத்தை முடித்த கையின் வேகம் அடுத்ததில் தங்கியிருக்கும். வடிவங்களை மாற்றி மாற்றி இட, ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையில் ‘கான்டெக்ஷுவல் ஆல்டர்னேட்ஸ்’ என்ற வசதி உண்டு. ஆனால், பக்கத்து எழுத்தை மட்டும் பார்க்கும் விதி தமிழுக்குப் போதாது. ‘கொ’வுக்கும் ‘க்’குக்கும் நடுவே துணைக்கால் நிற்கிறது, பிறகு ‘ர’ குறுக்கிடுகிறது. எனவே இரண்டு மூன்று எழுத்து பின்னோக்கிப் பார்க்கும்படி விதியை அமையுங்கள். உலோக அச்சுக் காலத்தில், 1953இல் பிரெஞ்சு எழுத்துரு வடிவமைப்பாளர் ரொஜே எக்ஸ்கொஃபோன் தம் கையெழுத்தைக் கொண்டே ‘மிஸ்ட்ரல்’ எழுத்துருவைப் படைத்தபோது, இப்படி எழுத்துகள் தாமாக மாறிக்கொள்ளும் வசதி அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கொம்பும் துணைக்காலும் தனியே நிற்பவை. அவற்றைத் தனி வடிவமாக வைத்திருப்பது சரியே. ‘கு’, ‘து’, ‘மு’ ஆகியவற்றையோ நீங்கள் அகர வடிவத்தில் சுழியை ஒட்டவைத்து உருவாக்கியிருக்கிறீர்கள். ஒட்டிய இடத்தில் கோடு இருமடங்கு தடித்து நிற்கிறது. பதினெட்டு மெய்களின் உகர, ஊகார வடிவங்கள் 36ஐயும் ஒரே வீச்சில் எழுதத்தான் வேண்டும். உழைப்பு அதிகம் என்பதை அறிவேன். ஆனால் தூரிகை எழுத்தின் உயிர் அந்த வீச்சில்தான் இருக்கிறது. புள்ளியையும் ஒவ்வொரு மெய்யின்மீதும் தனித்தனியே தொட்டு வையுங்கள்.

கோப்பின் கனத்துக்குக் காரணம், ஸ்கேனில் விழுந்த மைத்துளிகள் ஒவ்வொன்றும் தனி உருவமாக மாறியிருப்பதே. எழுத்து இரண்டு அங்குல உயரமாவது இருக்கும்படி எழுதி, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, எழுத்துருவுக்கான வெளிக்கோட்டு வடிவமாக மாற்றுமுன் உதிரித் துகள்களை அழித்துவிடுங்கள். நீண்ட கீற்றுகளை மட்டும் விட்டுவையுங்கள். தலைப்பளவில் துகள் தெரியாது, கீற்று தெரியும்.

முதலில் ‘க’வில் தொடங்குங்கள். ங, ஞ வரிசைகளுக்கு இப்போதுள்ள ஒற்றை வடிவமே போதும்.