எலும்பு முறிந்து தோலும் கிழிந்தால்: மிஸ்ஸியிடம் கேளுங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் பிள்ளைகள் ரம்புத்தான் மரத்தில்தான் இருப்பார்கள். எலும்பு சிகிச்சை வார்டில் இருபத்தாறு ஆண்டுகள் தாதியாக இருந்தவள் என்பதால், கை கால் முறிவு பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மிஸ்ஸி, என் எட்டு வயது மகன் மரத்திலிருந்து விழுந்து முன்கை வளைந்துவிட்டது. தோலில் அரிசி அளவுதான் புண். மாமியார் மஞ்சள் வைத்தார். மருத்துவமனையிலோ அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான் அம்மா. முறிந்த எலும்பின் கூரிய முனை தோலைக் குத்தி வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிருக்கும். போகும்போது மண்ணையும் கிருமியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வெளியே தெரிவது அரிசி அளவு. உள்ளே கிழிந்த சதை எவ்வளவு என்று அறுவை அறையில் திறந்து கழுவும்போதுதான் தெரியும். இதைத் திறந்த முறிவு என்கிறோம். மருத்துவர்கள் 1 செ.மீ.க்குக் குறைந்த சுத்தமான புண்ணை முதல் வகையாகவும், 10 செ.மீ.க்கு மேற்பட்டதையும் பலத்த மோதலால் சதை நசுங்கியதையும் மூன்றாம் வகையாகவும் பிரிப்பார்கள். எந்த வகையானாலும் மருத்துவமனைதான்.

ஓர் அடையாளம் சொல்கிறேன். புண்ணிலிருந்து கருஞ்சிவப்பாக ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அதன் மேல் ரசத்தில் மிதக்கும் எண்ணெய்போலச் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள் மினுங்கும். அது எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவது. அந்தத் துளி தெரியவில்லை என்றாலும், முறிவுக்கு மேலே தோலில் ரத்தம் கண்டால், திறந்த முறிவு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் அறிந்த மருந்தை வைத்தார். ஆனால் மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் அந்தப் புண்ணில் படக்கூடாது. அத்தனையையும் மயக்க மருந்து கொடுத்துக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

நான் செம்பனைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

முதலில் 999, ஐயா. எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள், கையை இழுத்து நேராக்காதீர்கள். கைப்பேசியில் புண்ணை ஒரு படம் எடுத்துவிட்டு, ஈரமான சுத்தத் துணியால் மூடுங்கள். அதன்பின் பார்ப்பவர்கள் எல்லாரும் துணியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது. ரத்தம் பாய்ந்தால் துணியோடு அழுத்திப் பிடியுங்கள். மடித்த அட்டைப் பெட்டியை வைத்து, கை இருக்கிற நிலையிலேயே தளர்வாகக் கட்டுங்கள். வளையல், மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். பிள்ளை அழுகிறதே என்று மைலோ கலக்கிக் கொடுக்காதீர்கள்; மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் காலே போய்விடும் என்கிறார்களே?

பழைய விதி அது. 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு பிள்ளைகளின் 554 திறந்த முறிவுகளை அலசியது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கும், அதற்குப் பின் செய்தவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் கிருமித்தொற்று வந்தது. ஆனால் அவர்கள் எல்லாருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி சீக்கிரமே போடப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏறுவதுதான் முக்கியம். அவசரப் பிரிவில் “ஊசி போட்டாயிற்றா?” என்று தயங்காமல் கேளுங்கள். புண்ணில் தோட்டத்து மண்ணோ சாணமோ பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், மருந்தே மாறும். ரத்த ஓட்டம் நின்ற காலுக்கு மட்டும் காத்திருக்க நேரமில்லை.

டெட்டனஸ் ஊசி?

நம் மலேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 2, 3, 5, 18 மாதங்களிலும், பிறகு 7, 15 வயதிலும் போடுவார்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

சீன நாட்டு வைத்தியரான சின்சேயிடம் கட்டுப் போட்டால் சீக்கிரம் கூடிவிடும் என்று என் அண்ணன் சொல்கிறார், அக்கா.

தோல் கிழிந்த முறிவுக்கு வேண்டவே வேண்டாம், தம்பி. வார்டில் ஒரு பையனை மறக்க முடியவில்லை. எங்கோ இறுக்கிக் கட்டிய கட்டோடு மூன்றாம் நாள் வந்தான். விரல் நுனிகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. கட்டைப் பிரித்தோம், விரல் விரியவில்லை. முன்கைச் சதை ரத்தமின்றிச் செத்துச் சுருங்கிவிட்டது. இன்றும் அவனால் பேனா பிடிக்க முடியாது. இது மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்குள்ளும் வரலாம். பிள்ளை அடங்காமல் தவித்தால், வலி மருந்தை மேலும் மேலும் கேட்டால், விரலை லேசாக நீட்டினாலே அலறினால், நள்ளிரவானாலும் உடனே கொண்டுபோங்கள். காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

என் மகளுக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். கால் குட்டையாகிவிடுமா?

பிள்ளைகளின் எலும்பை மூடியிருக்கும் உறை தடிப்பானது. பெரியவர்களைவிட வேகமாகக் கூடும். வளையும் கம்பிகளை எலும்பு நீள்வதற்குக் காரணமான, அதன் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டைத் தொடாமல்தான் செலுத்துவார்கள். அடிபட்டபோதே அந்தத் தட்டு சிதைந்திருந்தால் கால் குட்டையாகலாம், கோணலாகலாம். தொடை முறிந்த கால் சில பிள்ளைகளுக்குச் சற்று நீளமாகவும் வளர்வதுண்டு. அதனால் நன்றாக ஓடி ஆடினாலும் மருத்துவர் சொன்ன தேதிகளில் அழைத்துப் போங்கள்; இரண்டு கால்களையும் அளந்து பார்ப்பார்கள்.