ஆல்ப்ஸ் மலையில் ரயில் ஏன் சுற்றிச் சுற்றி ஏறுகிறது? சைக்கிளோடு போகலாமா?

தண்டவாளம் மலைக்குள் ஒரு வட்டமடித்து, தன் பாதைக்கு மேலேயே வந்து சேர்வதைச் சுருள் பாதை என்பார்கள். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பு குறைவு. செங்குத்தாக ஏறினால் வழுக்கும். அதனால் தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைக்கிறார்கள். கிணற்றுக்குள் இறங்கும் சுழல் படிக்கட்டு மாதிரிதான்.

இதைப் பார்க்கச் சிறந்த இடம் சுவிட்சர்லாந்தின் பெர்கூன் என்ற சின்ன ஊர். அங்கிருந்து மேலே உள்ள பிரேடா என்ற ஊருக்கு ஏற்றம் 400 மீட்டருக்குச் சற்று அதிகம். நேர்தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது சுமார் 12 கி.மீ. நீளத்துக்குத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். 1903-இல் திறந்த இந்த ஆல்புலா பாதை, 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து பிரேடா வரை ரயிலில் ஏறுங்கள். அங்கிருந்து சாலையில் சைக்கிளில் இறங்குங்கள். ரயிலுக்குள் திசையே புரியாது. சாலையிலிருந்துதான் பாலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், அதைத் தவறவிடவே கூடாது! கோடையில் போங்கள், குளிர்காலத்தில் அந்தச் சாலை பனிச்சறுக்கு வண்டிகளுக்கானது.

மலை ரயில் என்றாலே ஊட்டி ரயில்போல, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆல்புலாவில் அது கிடையாது.