நோயாளிக்குத்தானே சிகிச்சை, குடும்பத்துக்கு எதற்கு ஆதரவு?

வலி தணிப்புக் குழு, அதாவது பாலியேட்டிவ் கேர், வீட்டுக்கு வந்தால் நோயாளியோடு நிறுத்தாமல் வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்தில் வலியைத் தணிப்பது பாதி வேலைதான். வீட்டிலிருப்பவர்களின் பயம், கடன், தூக்கமின்மை, 'இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமோ' என்ற குற்ற உணர்வு, இதையெல்லாம் கவனிப்பது மீதி.

காரணம் எளிது. ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும் மார்ஃபின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பதும் மனைவியோ மகளோதான் (பெரும்பாலும் பெண்கள்தான், அது தனிக் கதை). பார்த்துக்கொள்கிறவர் சாய்ந்தால் எல்லாமே சாயும். அவரைக்கொடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு, பந்தக்காலைக் கறையான் அரிப்பதைப் பார்க்காமல் விட்டால் கொடி என்ன ஆகும்?

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கி கேரளம் முழுக்கப் பரவிய முறையில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே வீடு தேடிப் போகிறார்கள். அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்றும் பார்க்கிறார்கள். நீங்களும் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று கிளம்பிவிடாதீர்கள். "வியாழக்கிழமை சாயங்காலம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், இந்தக் குழுவைக் கூப்பிட்டாலே 'டாக்டர் கைவிட்டுவிட்டார்' என்று அர்த்தமில்லை, மற்ற சிகிச்சை நடக்கும்போதே கூப்பிடலாம்.