செங்கல் சுவருக்கு மறுபடி பாயிண்டிங் செய்ய எவ்வளவு ஆகும்?

பூசாத செங்கல் சுவரில் செங்கற்களுக்கு இடையே உள்ள சந்துகளில் சாந்து உதிர்கிறது, அதைத் திரும்ப அடைக்க (அதுதான் பாயிண்டிங்) என்ன செலவு என்று கேட்டிருக்கிறீர்கள். சிமெண்ட் விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், செலவெல்லாம் கூலியில்தான். 10 மி.மீ. அகலச் சந்துகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் (1:3) கலவையால் அடைத்தால், 1000 சதுர அடிக்குச் சேதாரம் சேர்த்தும் ஏறத்தாழ 4 மூட்டை சிமெண்ட் போதும். ஆனால் பழைய சாந்தை உளியால் அங்குலம் அங்குலமாகச் சுரண்ட நாள் கணக்கில் ஆள் நிற்க வேண்டும். மாடி உயரம் என்றால் சாரச் செலவு தனி.

கூலி குறைவாகச் சொல்லும் கொத்தனாரிடம், எவ்வளவு ஆழம் சுரண்டுவார் என்று கேளுங்கள். மேலாகத் தடவிவிட்டுப் போனால் சீக்கிரமே பெயர்ந்துவிடும். உளிக்குப் பதில் சாந்தை வெட்டும் கிரைண்டர் மெஷின் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும், சரி. கை தவறினால் செங்கல் விளிம்பு போச்சு.

அப்புறம், தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சுவரின் ஈரம் சந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியே வந்து, செங்கல்லே பொரிந்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவருக்குக் கூலி கூடத்தான், கொடுக்கலாம்.

முழுச் சுவரையும் செய்ய வேண்டியதில்லை. சாவியால் கீறினால் எங்கே பொடியாகக் கொட்டுகிறதோ, அந்த இடம் மட்டும் போதும்.