இல்லாத ஒன்றின் பெயருக்கு எப்படி அர்த்தம் வருகிறது?

ஒரு சொல்லின் அர்த்தம் அது சுட்டும் பொருள்தான் என்றால், உலகில் இல்லாததன் பெயர் வெறும் சத்தமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வானியலில் அருமையான ஒரு ஜோடி உண்டு: நெப்டியூன், வல்கன். இரண்டும் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர் ஒரே ஆள், பிரான்சின் வானியலாளர் லெ வெரியே.

யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. அப்பால் ஏதோ ஒரு கோள் அதை இழுக்கிறது என்று கணித்து, எங்கே பார்க்க வேண்டும் என்று பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று கடிதம் வந்தது. அன்றிரவே அங்கிருந்த வானியலாளர் காலே தொலைநோக்கியில் தெரிந்த விண்மீன்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, மாணவர் தாரெஸ்ட் புது வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒன்று மட்டும் படத்தில் இல்லை. அதுதான் நெப்டியூன்.

அப்புறம் புதனும் கணக்குக்கு மசியவில்லை. லெ வெரியே 1859-ல் அதே உத்தியைக் கையாண்டார். சூரியனுக்கு அருகே இருக்கவேண்டிய கோளுக்கு வல்கன் என்று பெயரும் விழுந்தது. பலர் தேடினார்கள். 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கோட்பாடு புதனின் போக்கை விளக்கிவிட, வல்கனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஆனால் தேடியவர்களுக்கு எதைத் தேடுகிறோம் என்று நன்றாகவே தெரியும். ஆக, வல்கனுக்கு அர்த்தம் இருந்தது, ஆள்தான் இல்லை. அர்த்தம் வேறு, சுட்டப்படும் பொருள் வேறு என்று ஜெர்மன் தத்துவவாதி ஃப்ரேகே 1892-ல் பிரித்தது இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, 'புதனை இழுக்கும் கோள்' என்பது போன்ற வருணனைதான் அர்த்தம், அதற்குப் பொருந்துவதே பொருள் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் நெப்டியூன் இடிக்கிறது. லெ வெரியே கணித்த கோள் சூரியனைச் சுற்ற சுமார் 217 ஆண்டு எடுக்கும். நெப்டியூனுக்குச் சுமார் 165 ஆண்டே போதும். தூரமும் பிசகு. கணக்கில் வந்த கோள் இதுவே அல்ல, தற்செயலாகச் சிக்கியது என்று அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் சண்டைக்கே வந்தார்! ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு பெயரைப் பொருளோடு ஒருமுறை கட்டிவிட்டால், வருணனை தப்பானாலும், வாய்மாறி வாய்மாறி அது அதே பொருளைத்தான் சுட்டும் என்று அமெரிக்கத் தத்துவவாதி கிரிப்கி 1970-ல் வாதிட்டார்.

நான் கிரிப்கி கட்சி. ஆனால் வல்கனிடம் அவரும் திணறத்தான் வேண்டும். கட்டுவதற்கு மறுமுனையில் ஒன்றுமே இல்லாதபோது, வாய்மாறிப் போனது அந்த வருணனை அல்லாமல் வேறென்ன?